ஜிப்பாவின் நகங்கள் குறித்து இரண்டு தீர்மானங்கள்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் எதைப் பேச ஆரம்பித்தாலும் முதலில் யாருக்காவது பொன்னாடை போட்டாக வேண்டும். போன கோடையில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய் எல்லாரும் குடமும் கையுமாக நின்றபோதுகூட அவசரக் கூட்டம் கூட்டி, தமிழ்த்தாய் வாழ்த்து பாடி, மெக்கானிக்குக்குப் பொன்னாடை போட்டோம். அவர் அதுவரை மோட்டாரைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை. போட்டுக்கொண்டு, படிக்கட்டுக்கு அடியில் போய் எட்டிப் பார்த்துவிட்டு, புதுசுதான் வாங்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் வெற்றி பெற்றதாகக் குறிப்பில் எழுதினார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாலு மாடி வைதேகி என்க்ளேவ். அதில் இரண்டாவது மாடியில் நானும் என் மனைவி வினோதினியும் வாடகைக்கு இருந்தோம். என் பெயர் எழிலன். மருந்து ஏஜென்சி ஒன்றில் சேல்ஸ் வேலை. பைக்கில் கடை கடையாக அலைவது. வினோதினிக்கு ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷன், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். "சங்கம் சொல்றபடி நடந்துக்கங்க, எனக்கு மட்டும் போன் வராம பாத்துக்கங்க" என்பதுதான் அவர் எங்களோடு போட்ட ஒப்பந்தம். இந்த வீடு கிடைப்பதற்கு முன் ஊர் முழுக்க ஏறி இறங்கினோம். பூனை இருக்கிறது என்று சொன்னவுடனே வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தங்கள் பையன் வெளிநாட்டிலிருந்து வரப்போவது ஞாபகம் வந்துவிடும்.

பூனையின் பெயர் ஜிப்பா. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்திலிருந்து வயிறு வரை வெள்ளை. வினோதினி வைத்த பெயர். நாள் பூராவும் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டிவிட்டு வந்து அவள் காலை நீட்டி உட்கார்ந்தால் அது வந்து கணுக்கால் மேல் படுத்துக்கொள்ளும். "இது ஒண்ணுதான் இந்த வீட்ல என்கிட்ட எதுவும் கேக்கறதில்ல" என்பாள். என்னைப் பார்த்துத்தான் சொல்வாள்.

சங்கத் தலைவர் தேவநாதன் ஏதோ ஒரு துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் ஒரு மணி நேரம் ஆகும். தனக்குப் போட்ட பொன்னாடைகள் ஒன்றையும் விடாமல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் அவற்றையெல்லாம் மொட்டை மாடியில் கொடிகட்டி வெயிலில் உலர்த்துவது வழக்கம். பூச்சி அரிக்கக் கூடாது என்பது காரணம். துணி காயப்போடப் போகிறவர்கள் எல்லாரும் ஒவ்வொன்றும் யார் கையால் வந்தது என்று கேட்டுவிட்டு வரும்படி அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது உண்மையான காரணம்.

அன்று அவர் காபி குடிக்கக் கீழே போன நேரம் ஜிப்பா மேலே போயிருக்கிறது. ஜரிகை காற்றில் ஆடியிருக்கிறது. பூனை என்ன செய்யுமோ அதைச் செய்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால், ஒரு மாவட்ட அளவிலான பெரிய அதிகாரி போட்ட பொன்னாடையிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நூல் தொங்குகிறது. உண்மையில் அந்தப் பொன்னாடை அந்த அதிகாரிக்கு எங்கள் சங்கம் போட்டது, அவர் திருப்பி இவருக்கே போட்டுவிட்டுப் போனது. அதை அந்த நேரத்தில் சொல்ல முடியுமா.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் கூட்டம். வாழ்த்துப் பாடல், வரவேற்புரை, போண்டா. பிறகு நூல் தொங்கிய பொன்னாடையை ஒரு தட்டில் வைத்து எல்லாரிடமும் காட்டினார்கள். சாவு வீட்டில் பார்ப்பது மாதிரி ஒவ்வொருவரும் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

தேவநாதன் எழுந்தார். "நான் மிருகங்களுக்கு விரோதி கிடையாது. எங்க ஹால்ல மான் தலை மாட்டியிருக்கேன், எங்க அப்பா காலத்துலேர்ந்து இருக்கு. தினம் நான்தான் தூசி தட்றேன். வீட்ல யாரையும் தொட விடறதில்ல. மிருகத்து மேல பாசம் இல்லாதவன் இத செய்வானா?"

கைதட்டினார்கள்.

"என் பொண்ணு வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். ஆறு மாசம். அங்க பக்கத்து வீட்ல ஒரு பூனை. அதுக்கு நகமே கிடையாது. அது பாட்டுக்கு சோபால ஏறுது, எறங்குது, ஒரு கீறல் இல்ல. விசாரிச்சேன். ஆபரேஷன் பண்ணி எடுத்துடறாங்களாம். வளர்ந்த நாடு ஏன் வளர்ந்துருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது."

செயலாளர் புஷ்பவள்ளி மேடம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. யாரைப் பார்த்தாலும் எந்த செக்‌ஷன் என்று கேட்கிற பார்வை. அவர் தீர்மானத்தைப் படித்தார்: இரண்டாம் மாடிப் பூனையின் நகங்களை ஒரு மாதத்துக்குள் நிரந்தரமாக நீக்க வேண்டும், தவறினால் குடியிருப்பவர்கள் பூனையோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் கத்தாருக்குப் போன் போட்டேன். "சங்கம் என்ன சொல்லுது?" என்று கேட்டார் வீட்டுக்காரர். சொன்னேன். "அப்ப செஞ்சிடுங்க" என்று வைத்துவிட்டார்.

வினோதினி நகவெட்டியை எடுத்தாள். துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஜிப்பாவின் நக நுனிகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். அது அவள் கையிலேயே கொட்டாவி விட்டது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு அப்போது சங்கத்தைப் பற்றி அவ்வளவு தெரியாது.

நகம் நீக்கப்பட்டதா என்று பார்க்க நக ஆய்வுக் குழு ஒன்று போட்டார்கள். குழு வந்தது. கதவருகே நின்று எட்டிப் பார்த்தது. ஜிப்பா மெத்தையில் படுத்திருந்தது, காலில் நகம் எதுவும் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சும்மா இருந்திருக்கலாம், ஆனால் நான்தான் நேர்மையாக இருக்கட்டும் என்று, பூனைக்கு நகம் உள்ளே இழுத்துக்கொள்ளும், வேண்டும்போது வெளியே வரும் என்று விளக்கினேன்.

புஷ்பவள்ளி மேடம் முகம் மாறியது. "அப்ப, இருக்கறத இல்லாத மாதிரி காட்டுது."

"அது இயற்கை மேடம். எல்லாப் பூனையும் அப்படித்தான்."

"எல்லாப் பசங்களும் அப்படித்தான்னுதான் பெத்தவங்களும் வந்து சொல்லுவாங்க. மறைச்சு வச்சிருக்குன்னாலே உள்நோக்கம் இருக்குன்னு அர்த்தம்." குழு அறிக்கையில் அப்படியே எழுதினார்கள்: நகங்கள் காணப்படவில்லை, எனவே ஆபத்து கூடுதலாக உள்ளது.

பிறகு வேறு வழியில்லாமல் சிதம்பரம் போனேன். பூனை பார்க்கிற டாக்டர் அங்கே இருப்பதாக எங்கள் ஏஜென்சியில் சொன்னார்கள். ஜிப்பாவைக் கூடையில் போட்டு, மேலே வினோதினியின் துப்பட்டாவைக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை கத்தியது. அதற்குப் பிறகு அதற்கும் அலுத்துப்போயிற்று.

டாக்டர் பிரிசில்லா மேல வீதிக்குப் பின்னால் சின்னதாகக் கிளினிக் வைத்திருக்கிறார். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நகம் எலும்புலேர்ந்து வளருது சார். நகத்த மட்டும் எடுக்க முடியாது. ஒவ்வொரு விரல்லயும் கடைசி எலும்ப வெட்டி எடுக்கணும். முன்னங்கால்ல பத்து விரல். அப்புறம் மண்ணுல கால் வைக்கவே வலிக்கும். மண்ணு தோண்ட முடியாம வீட்டுக்குள்ள கண்ட எடத்துல போகும். நகம் இல்லன்னு கடிக்க ஆரம்பிக்கும். நான் இத செய்ய மாட்டேன்." ஜிப்பாவின் காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்க" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவர் என்னைப் பார்த்து நல்லதாகச் சொன்ன வார்த்தை அது. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம் போலிருந்தது.

அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. பூனைக்கு விரலா என்றார் ஒருவர். நான் விடவில்லை. "தவறிப்போய் வெளியில விட்டா நகம் இல்லாத பூனை பொழைக்காது சார். நாய் தொரத்தினா மரம் ஏற முடியாது. செத்துரும்" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வாதத்தைக் கைகூப்பி வைத்தேன். தேவநாதன் அதைக் கவனமாகக் கேட்டார். குறித்துக்கொள்ளும்படி மேடத்திடம் கண் காட்டினார்.

உண்மையை நேரில் அறிய ஒரு குழு சிதம்பரம் போவது என்று முடிவானது. பதினாறு வீட்டிலிருந்தும் ஆள் வந்ததால் வேன் பிடித்தார்கள். விடியற்காலையில் கிளம்பி, கோயிலில் தரிசனம், பிறகு இட்லி கொத்சு, பிறகு பிச்சாவரத்தில் படகு. படகில் அந்தாக்‌ஷரி பாடினார்கள். பூனை விஷயமாக வந்தவர்கள் இவர்கள் என்று நான்தான் இடையிடையே எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. கிளினிக் மூடுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் தேவநாதனைக் கையை நீட்டச் சொன்னார். ஆள்காட்டி விரலின் கடைசி மூட்டை இரண்டு விரலால் பிடித்து அழுத்தினார். "இங்க வெட்டணும். இதே மாதிரி பத்து."

தேவநாதன் கையை இழுத்துக்கொண்டு வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். கடலூர் வந்து இறங்கும்வரை அந்தக் கை வெளியே வரவில்லை. வேனில் ஒருவரும் பாடவில்லை. புஷ்பவள்ளி மேடம் மட்டும் சிதம்பரம் பைபாஸ் தாண்டியதும், "அமெரிக்காக்காரன் இவ்ளோ கொடூரமானவனா" என்றார். அதற்குப் பிறகு வேனே பேசத் தொடங்கிவிட்டது. நம் மண்ணில் எறும்புக்கும் அரிசி மாவில் கோலம் போட்டார்கள், நாம் யாரிடம் எதைக் கற்றுக்கொள்ளப் போனோம் என்று ஒரே ஆவேசம். தேவநாதன் மகளுக்குப் போன் போட்டுப் பக்கத்து வீட்டுக்காரனோடு பழக வேண்டாம் என்றார்.

அந்த வாரமே தீர்மானம் போட்டார்கள்: பூனையின் நகம் நீக்குவது கொடுஞ்செயல், வைதேகி என்க்ளேவ் அதை ஏகமனதாகக் கண்டிக்கிறது. நான் வீட்டுக்கு வந்து சொன்னபோது வினோதினி அழுதாள். அன்று ஜிப்பாவுக்கு வஞ்சிர மீன். எங்களுக்கு மிச்சம்.

தீர்மானம் போட்டால் மட்டும் போதுமா, விழா எடுக்க வேண்டாமா. டாக்டருக்குப் பாராட்டு விழா என்றார்கள். கிளினிக்கை விட்டுவிட்டுக் கடலூர் வர முடியாது என்று அவர் சொன்னதும், அவர் வராவிட்டால் விழா அவரிடம் போகும் என்று சிதம்பரத்திலேயே ஒரு ஓட்டல் ஹாலைப் பிடித்தார்கள். ஃப்ளெக்ஸ் பேனரில் தேவநாதன் கைகூப்பி நின்றார். அவருக்குக் கீழே புஷ்பவள்ளி மேடம். மூலையில் ஸ்டாம்பு அளவில் ஒரு பூனை. அது ஜிப்பா இல்லை, நீலக்கண் வைத்த வெளிநாட்டுப் பூனை.

விழா ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று ஜவுளிக்கடையில் லீவு கொடுக்க மாட்டார்கள், அதனால் வினோதினி வரவில்லை. ஜிப்பா எப்போதும் போல மாடிக்குப் போய்வர அடுப்படி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நான் வேனில் ஏறினேன். தேவநாதனும் வாட்ச்மேன் அய்யனாரும் காரில் பின்னால் வருவதாகச் சொன்னார்கள். பொன்னாடை மூட்டை காரில் வருகிறது என்றார்கள். அவர்கள் வந்து சேரக் கொஞ்சம் தாமதமானது.

தேவநாதன் அன்று பேசிய பேச்சு மாதிரி அவர் அதற்கு முன் பேசியதில்லை. "நகம் பூனைக்கு ஆண்டவன் குடுத்தது. அதப் புடுங்க நாம யாரு? நகம் இருக்கற பூனைய உலகத்துல எங்க கொண்டுபோய் விட்டாலும் அது தன் கால்ல நிக்கும். அந்தத் தன்மானத்த நாம காப்பாத்தியிருக்கோம்." டாக்டருக்குப் பொன்னாடை போட்டார்கள். அடுத்து என்னை மேடைக்குக் கூப்பிட்டு எனக்கும் ஒன்று போட்டு, ஜீவகாருண்யச் செம்மல் என்று பட்டம் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

விழா நேரத்தில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது மேடத்தின் கண்டிப்பு. முடிந்ததும் போட்டுப் பார்த்தேன். வினோதினி கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"மத்தியானம் சாப்பிட வந்தேங்க. ஜிப்பாவ காணோம். மாடியெல்லாம் பாத்துட்டேன். ஜன்னல் கிட்ட நெத்திலிக் கருவாடு கெடக்குது. நாம கருவாடு வாங்கவே இல்லியே."

கார் தாமதமாக வந்தது அப்போதுதான் உறைத்தது. தேவநாதன் ஓட்டலில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

"உக்காருங்க தம்பி. நகம் எடுக்கக் கூடாதுன்னு தீர்மானம் ஒண்ணு. ஒத்துக்கறீங்களா? நகத்தோட இருக்கற பூனைய கட்டடத்துல வச்சுக்க முடியாதுன்னு தீர்மானம் ரெண்டு. செயற்குழுவுல போட்டோம். ரெண்டும் ஏகமனதா."

"எங்க சார் அது?"

"இங்கதான் மார்க்கெட்டு பக்கம் விட்டுட்டு வந்தோம். கிட்ட விட்டா மோப்பம் புடிச்சு வந்துடும்ல, அதான் ஊர் தாண்டி. எங்க வீட்லயும் அந்தக் காலத்துலேர்ந்து இப்படித்தான் விடுவாங்க. சாக்குல கட்டி டிக்கியில வச்சோம். அய்யனார் கிட்ட சொல்லி சாக்குல ஓட்ட கூட போடச் சொன்னேன், காத்து போகட்டும்னு. நம்மளே கொடும பண்ணலாமா?"

அவர் எட்டி என் தோளில் சரிந்திருந்த பொன்னாடையை நேராக்கினார்.

"நீங்கதான தம்பி சொன்னீங்க, நகம் எடுத்துட்டு வெளிய விட்டா செத்துரும்னு? அத யோசிச்சுத்தான் எடுக்காம விட்டோம். பொழச்சுக்கும். காபி சொல்லவா?"

அய்யனார் தூரத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை துண்டு சுற்றியிருந்தார், ரத்தம் ஊறியிருந்தது. அதைப் பார்த்து எனக்குத் திருப்தியாக இருந்தது என்றால் நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள்.

பொன்னாடையைத் தோளில் போட்டபடியே மார்க்கெட்டுக்கு ஓடியிருக்கிறேன். காய்கறிக் கடைகளுக்குப் பின்னால், மீன் வெட்டுகிற இடத்தில், கறிக்கடைச் சந்தில், ஜிப்பா ஜிப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தேன். மீன்கார அம்மா ஒருவர் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார். சொன்னேன்.

"இங்க எப்பவும் கொண்டாந்து விடறதுதான். காருல வராங்க, அவுத்துட்டுப் போறாங்க. ஒரு வாரம் சுத்திச் சுத்திக் கத்தும். அப்புறம் நாய் பாத்துக்கும்" என்றார். அவர் குரலில் யார் மேலும் குற்றம் இல்லை. மறுபடி வெட்டத் தொடங்கினார்.

போனில் விஷயத்தைச் சொன்னதும் வினோதினி கடையில் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள், யூனிஃபார்ம் புடவையோடு. என் தோளில் இருந்த பொன்னாடையை ஒரு பார்வை பார்த்தாள். எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள், நான் பின்னால் போனேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஐஸ் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த ஷெட்டுக்கு மேலிருந்து பதில் வந்தது. தகரக் கூரையின் விளிம்பில் ஜிப்பா நின்றிருந்தது. கீழே இரண்டு நாய்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஷெட்டின் மரத்தூணில் மேல்வரை நகக் கீறல். நாய்களைத் துரத்திவிட்டுப் பெட்டி மேல் ஏறி அதைப் பிடித்தபோது என்னையும் யார் என்று பார்க்காமல் கழுத்தில் பிறாண்டியது. வினோதினி கையில் போனதும் அவள் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கியது. "வலிக்குதா?" என்று என் கழுத்தைப் பார்த்துக் கேட்டாள். இல்லை என்றேன். நன்றாக எரிந்தது.

பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் நின்றது. கூட்டமும் இல்லை, உட்கார இடம் இருந்தது. நான் ஏறப் போனேன்.

"எங்க போறீங்க?" என்றாள் வினோதினி.

"வீட்டுக்கு."

"எந்த வீட்டுக்கு? ஜன்னல் கிட்ட கருவாடு வச்சுப் புடிச்சுட்டுப் போவாங்களே, அந்த வீட்டுக்கா?"

கடலூர் பஸ் கிளம்பிப் போனது. அவளுடைய அக்கா விருத்தாசலத்துக்கு அந்தப் பக்கம் மங்கலம்பேட்டையில் இருக்கிறாள், ஓட்டு வீடு, அங்கிருந்து அவள் கடைக்கும் வர முடியாது, என் ஏஜென்சிக்கும் வர முடியாது. இதையெல்லாம் நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் விருத்தாசலம் பஸ் பக்கம் நடந்துவிட்டாள். படிக்கட்டில் நின்றிருந்த கண்டக்டர் அவள் முந்தானையைக் கவனித்தார்.

"என்னம்மா அது?"

"பூனை. ஏத்தலாமா?"

"பொறாண்டுமா?"

நான் முந்திக்கொண்டு ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று பார்த்தேன். நகம் வெட்டியிருக்கிறோம் என்றோ, சாதுப் பூனை என்றோ.

"பொறாண்டும்" என்றாள் வினோதினி.

"அப்ப நீங்க ஜன்னலோரம் உக்காந்துக்கங்க. சாரு இந்தப் பக்கம் உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் டிக்கெட் கிழிக்க உள்ளே போனார்.